ஆணி அடித்த கட்டுமரம்

நான் பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் பேசவே தயங்குவேன். எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பால்வாடி வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்காக எழுதித் தரச் சொன்னார்கள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சாதித்தது என்று சொல்ல எதுவுமில்லை. கெடுத்தது ஒன்று இருக்கிறது. அதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்துப் பால்வாடியில் சேர்ந்தேன். என் ஊர் செங்கல்பட்டுப் பக்கம், நெல்லும் வேர்க்கடலையும் விளைகிற இடம். கடலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஓலைக் கொட்டகை, ஒரு கரும்பலகை, இருபத்தாறு பிள்ளைகள், மதியம் கோதுமை உப்புமா. விளையாட்டுச் சாமான் எதுவும் தரவில்லை.

பிள்ளைகளில் கன்னியம்மாவுக்கு ஐந்து முடியப் போகிறது. வாயே திறக்க மாட்டாள். பெயர் கேட்டால் தரையைப் பார்ப்பாள். அவள் அம்மா எல்லம்மா கருவாடு காயப்போடுகிற வேலைக்குப் போகிறவள். ஜூன் மாதம் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட வேண்டும் என்பது அவளுக்கு ஒரே பிடிவாதம்.

"பேரக் கேட்டா சொல்ல வெச்சுடு டீச்சர், அது போதும். பெரியவள கருவாட்டுக்கே இட்டுகினு பூட்டேன். இவ ஒருத்தியாவது படிக்கட்டும்" என்றாள்.

நான் அ, ஆ சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன். பலன் இல்லை. ஒருநாள் அவளாகவே ஐந்து சவுக்குக் குச்சிகளைக் கொண்டுவந்தாள். நீளமானதை நடுவில் வைத்து, மற்றவற்றை இரண்டு பக்கமும் அடுக்கி, கட்டுமரம் மாதிரியே தேங்காய் நாரால் இறுக்கிக் கட்டினாள். மற்ற பிள்ளைகள் கூடி மணலில் தள்ளினார்கள். அப்போதுதான் அவள் குரலைக் கேட்டேன்.

"டேய், அந்தாண்ட புடி. இது கன்னியம்மா மரம். நான் சொன்னாத்தான் ஏறணும்."

தினமும் இதே ஆட்டம். குச்சிகளை எண்ணுவாள், நீளம் பார்ப்பாள், ஆளுக்கு ஒரு வேலை கொடுப்பாள். ஆட்டம் முடிந்ததும் கயிற்றை அவிழ்த்துக் குச்சிகளைத் தனித்தனியே வெயிலில் வைப்பாள். அழகாகக் கட்டியதை ஏன் கலைக்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"கட்டைங்க காயணும் டீச்சர். இல்லாங்காட்டி கனத்துக்கும்."

என்னிடம் அவள் பேசியது அதுதான் முதல் தடவை. குழந்தை ஏதோ உளறுகிறது என்று நான் விட்டுவிட்டேன்.

பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள் இருந்தபோது சூப்பர்வைசரம்மா வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். காட்டுவதற்கு என்னிடம் எதுவுமில்லை. முந்தின சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு, அந்தக் குச்சிகளை அடுக்கிச் சின்ன ஆணிகளால் அடித்து இறுக்கினேன். நீலப் பெயிண்ட் பூசிச் சுவரில் மாட்டினேன். சூப்பர்வைசரம்மா பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, நல்லா செய்ய வெச்சிருக்கியே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கன்னியம்மா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இறக்கிக் கொடுத்தேன். ஆணியை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டாள். வேறு குச்சி தேடித் தந்தேன், தொடவில்லை. மறுபடியும் தரையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்று எல்லம்மாவோடும் கன்னியம்மாவோடும் நானும் கூடப் போனேன். வயது பார்க்க, கையைத் தலைக்கு மேலே வளைத்துக் காதைத் தொடச் சொன்னார்கள், தொட்டாள். ஹெட்மாஸ்டர் அவள் பெயரைக் கேட்டார். மூன்று முறை கேட்டார். நான் குனிந்து, "கன்னியம்மா மரம்னு சொல்லுவியே" என்று கெஞ்சினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"அடுத்த வருஷம் பாக்கலாம்மா" என்று அனுப்பிவிட்டார்.

திரும்பி வந்ததும் எல்லம்மா கொட்டகைக்குள் உட்கார்ந்தாள். நான் திரும்பவும் சுவரில் மாட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தாள்.

"மரத்துக்கு ஆணி அடிச்சது யாரு டீச்சர்?"

நான்தான் என்றேன்.

"எங்காளுங்க தெனமும் கரைக்கு வந்ததும் மரத்த அவுத்துக் காயப்போடுறது உன் கண்ணுல படலியா? அவுத்தாத்தான மறுநாள் கட்ட முடியும். இத்த வெச்சிகினு கொழந்த இன்னா பண்ணும்?"

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அந்த ஆட்டம்தான் கன்னியம்மாவுக்குப் பாடம். அதை நான் சுவரில் மாட்டும் பொருளாக்கிவிட்டேன். பிள்ளை கட்டியதைப் பிள்ளையே அவிழ்க்கட்டும்; அடுத்தவருக்குக் காட்டுவதற்காக அதில் கை வைக்காதீர்கள். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் ஆணிகளைப் பிடுங்கிக் குச்சிகளை வெயிலில் பரப்பி வைத்தேன். கன்னியம்மா அம்மாவோடு கருவாட்டுக்குப் போயிருந்தாள். அன்று இருபத்தைந்து பேருக்கு உப்புமா போட்டேன்.