கை ஊன்றாமல் எழுந்தவள்

கொரோனா ஊரடங்கில் கீழப்பழுவூர் வீட்டில் நானும் மனைவியும் மட்டும்தான். இருவருக்கும் எழுபது தாண்டியிருந்தது. தரையில் உட்கார்ந்தால் எதையாவது பிடித்துத்தான் எழ வேண்டும். திருச்சியில் மாட்டிக்கொண்ட மகள் வீடியோ காலில், "நாற்காலியில உக்காந்து, கைய ஊணாம எந்திரிங்கப்பா" என்றாள்.

முதல் தடவை பாதி எழுந்து பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். மனைவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. பிறகு தினமும் எங்களுக்குள் போட்டிதான். மகள் சொல்லிக்கொடுத்த பயிற்சிப்படி தண்ணீர் பாட்டிலைத் தூக்கினோம், சுவரைத் தள்ளினோம்.

ஒருநாள் சாயங்காலம் தரையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், எதையும் பிடிக்காமல் எழுந்து நின்று தன் கால்களையே பார்த்தாள்.

"என்னங்க, நான் எந்திரிச்சுட்டேன்."

"நான் பாக்கலயே. இன்னொரு தடவ எந்திரி."

உட்கார்ந்து, மறுபடி எழுந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து முயன்றேன். சிரிப்பில் காலே நிற்கவில்லை. அவள்தான் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள்.