மஞ்சள் தலைத்துண்டு தெரியாத மலை

ஈரப் படங்கின் வாசம் இன்னும் என் மூக்கிலேயே நிற்கிறது... தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும்போது அம்மா இடுப்பைச் சுற்றிக் கட்டும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு அது. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டு வாசலில் அது காய்ந்தால் அம்மா வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம்.

இலங்கை மலையகத்து அக்கரப்பத்தனையில் எங்கள் பள்ளிக்கூடம் அம்மா வேலை செய்த மலைக்கு நேர் எதிரே. ஜன்னலில் இருந்து பார்த்தால் பெண்களின் தலைகள் மட்டும் பொட்டுப் பொட்டாகத் தெரியும். அம்மாவுக்கு மஞ்சள் தலைத்துண்டு. பாடம் போரடித்தால் அதைத் தேடுவதுதான் என் வேலை.

அன்று கணக்குப் பரீட்சை. கடைசிக் கேள்வியை முடித்துவிட்டு நிமிர்ந்தேன். எதிர் மலையில் பொட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன.

பக்கத்து மேசை மேரி கிசுகிசுத்தாள். "அங்க பாருடி, நிறுவைக்கு எப்புடி ஓடுறாங்கன்னு! ஒங்கம்மாதான் மொதல்ல நிப்பாங்க."

கொழுந்து நிறுக்கும் நேரத்தில் வரிசையில் முந்த எல்லாரும் ஓடுவார்கள். நானும் சிரித்தேன்.

ஆனால் தராசு இருந்த பக்கம் யாரும் ஓடவில்லை. விலகி ஓடினார்கள், திரும்பி வந்தார்கள், மறுபடி விலகினார்கள்... எல்லாம் ஒரே இடத்தைச் சுற்றி. அந்த இடத்தில் எதுவும் தெரியவில்லை. மஞ்சளும் எங்கேயும் இல்லை.

இதையெல்லாம் பார்த்தேன். பார்த்துவிட்டுக் குனிந்து விடைகளைச் சரிபார்த்தேன்.

குளவி... செடிக்குள் இருந்த கூடு கலைந்து அம்மாவை மொய்த்துவிட்டது. செடிகளுக்கு இடையில் விழுந்தவரைத் தூக்க மற்றவர்கள் போவதும், கொட்டு வாங்கிக்கொண்டு ஓடுவதுமாக இருந்திருக்கிறார்கள்.

மணி அடித்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். தோட்டத்து டிஸ்பென்சரி வாசலில் பக்கத்து வீட்டு லெச்சுமி அத்தை, முகமெல்லாம் வீங்கி உட்கார்ந்திருந்தார்.

"ஆளனுப்பத்தான் பாத்தோம் புள்ள. ஒங்கம்மா விடல. பரீட்ச எழுதுது, மணி அடிக்கட்டும்னா... அதுவரைக்கும் அவ உசுரு தாங்கல."

இப்போது தூர தேசத்தில், ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை. உருண்டையாகத் திரண்ட விண்மீன் கொத்துகளை ஆராய்கிறேன். லயத்துச் சனம் மாதிரி லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். அவற்றுக்கு நடுவே கருந்துளை இருக்கிறதா என்று தேடுகிறோம். அது கண்ணுக்குத் தெரியாது. பக்கத்து நட்சத்திரங்கள் வழக்கத்தைவிட வேகமாக ஓடுகின்றனவா, ஒன்றுமே இல்லாத இடத்தைச் சுற்றுகின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும்.

போன மாதம் ஒரு நட்சத்திரம் அப்படிச் சுற்றியது. அளவெடுத்ததில் பிழை இருக்கும், விட்டுவிடு என்றார் கூட வேலை செய்பவர். நான் விடவில்லை. மூன்று வாரம் சாப்பாடுகூட ஸ்கிரீன் முன்னால்தான். பழைய படங்களை எல்லாம் எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். கடைசியில் பிழை இல்லை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். கைதட்டினார்கள். இவ்வளவு பொறுமை எங்கே கற்றாய் என்று அவரே கேட்டார்.

பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இன்று எங்கோ ஒரு நட்சத்திரம் கொஞ்சம் வேகமாக ஓடினால்கூட எழுந்து நின்றுவிடுகிறேன். அன்று கண்ணெதிரே ஒரு மலையே ஓடியது... நான் உட்கார்ந்தே இருந்தேன்.

அந்தக் கணக்குப் பரீட்சையில் எனக்குத் தொண்ணூற்றெட்டு மார்க்ஸ்.