பாட்டை முடித்து வைத்தது யார்?

தாமசினுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு சந்தேகம். சுரங்கத்துக்குள் வாழ்கிற நாக்கர்கள், தாங்கள் வெட்டுகிற வெள்ளீயத்தை யாருக்கு விற்கிறார்கள்?

இங்கிலாந்தின் கார்ன்வாலில் எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லாரும் நாக்கர்களின் சத்தத்தைக் கேட்டவர்கள்தான். முழங்கால் உயரக் குள்ளர்கள். பாறைக்குப் பின்னாலிருந்து டொக் டொக்கென்று தட்டினால் அங்கே நல்ல தாது இருக்கும்; அல்லது கூரை விழப்போகிறது என்று அர்த்தம். எது என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் மத்தியானச் சாப்பாட்டில் ஒரு துண்டை அவர்களுக்கென்று விட்டுவைப்பார்கள். உள்ளே சிலுவைக் குறி போட மாட்டார்கள். சாமி சமாச்சாரம் எதுவும் நாக்கர்களுக்கு ஆகாது.

பெண்கள் கீழே இறங்கும் வழக்கமில்லை. தாமசின் மேலே கொட்டகையில் தாதுக்கல் உடைக்கிறவள். ஆகவே ஏறி வருகிற ஆண்களை மடக்கி மடக்கிக் கேட்பாள்.

"ஏன் மாமா, அவங்களுக்குப் பொண்டாட்டி பிள்ளை உண்டா?"

"எனக்கென்ன தெரியும்? கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடலையே" என்பார் ஹானிபல். ஊரில் பெரிய முன்கோபி அவர்.

ஒருநாள் அந்த ஹானிபல் சுரங்கத்து வேலையை மேற்பார்க்கிற கேப்டனோடு சண்டை போட்டு, "ஆஸ்திரேலியாவுக்கே போறேன்" என்று தொப்பியை வீசிவிட்டுப் போனார். யாரும் தேடவில்லை.

மறுநாள் மத்தியானம் தாமசினும் அவள் சிநேகிதி லவ்டேயும், சுரங்கத்துத் தண்ணீர் வடிகிற பழைய குடைவழியின் வாயில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உள்ளிருந்து டொக் டொக்கென்று சத்தம் வந்தது.

லவ்டே எழுந்துவிட்டாள். "வாடி போயிடலாம். நமக்கெதுக்கு."

"பதில் சொல்லிப் பாக்கறேன்க்கா."

தாமசின் சுத்தியலால் பாறையில் தட்டினாள். உள்ளே சத்தம் நின்றது. பிறகு அவள் தட்டின மாதிரியே திரும்பி வந்தது. அவளுக்கு ஆசை விடவில்லை. ஜெபக்கூடத்தில் ஞாயிறுதோறும் பாடுகிற பாட்டின் தாளத்தைத் தட்டி, பாதியில் நிறுத்தினாள். மீதிப் பாதி உள்ளிருந்து வந்தது.

"நாக்கருக்கு நம்ம பாட்டு எப்படிடீ தெரியும்?" என்றாள் லவ்டே.

"அதான்க்கா. சாமி பேரைக் கேட்டாலே ஓடறவங்க பாட்டை முடிச்சு வைப்பாங்களா? உள்ள இருக்கறது நம்ம ஆளு."

கேப்டன் முதலில் நம்பவில்லை. "பழைய வழியில யாரும் வேலை பாக்கலையே."

"ஹானிபல் மாமா வீடு போய்ச் சேர்ந்தாராங்க?"

ஹானிபலின் மனைவியிடம் ஆள் போனது. கோபம் தணிய அக்கா வீட்டுக்குப் போயிருப்பார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கேப்டனே கடப்பாரையைத் தூக்கினார். பொழுது சாய்வதற்குள் ஹானிபலை வெளியே கொண்டுவந்தார்கள். கால் முறிந்திருந்தது.

"பழைய வழியில ஒளிச்சு வச்ச கருவிய எடுக்கப் போனேன்" என்றார். "முன்னால டொக்குன்னு ஒரு சத்தம். யார்றான்னு நின்னேன். அடுத்த அடி வைக்க இருந்த இடத்துல கூரை இறங்கிச்சு. திரும்பறதுக்குள்ள பின்னாலயும் அடைச்சுக்கிச்சு."

தாமசின் குனிந்தாள். "சுத்தியல் சத்தமா மாமா, உளிச் சத்தமா?"

"பொண்ணே, எனக்குக் கால் ஒடைஞ்சிருக்கு."

"தெரியுது மாமா. சுத்தியலா, உளியா?"

"உளி" என்றார் அவர், கண்ணை மூடிக்கொண்டு.

அடுத்த ஞாயிறு ஜெபக்கூடத்தில் போதகர், நாக்கர் என்பது வெறும் கட்டுக்கதை என்று தாமசின் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டுமென்றார். "நான் கேட்டது மனுஷனைத்தாங்க. மாமா கேட்டது யாரைன்னு தெரியாது. தெரிஞ்சா வந்து சொல்றேன்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

உயிரைக் காப்பாற்றியவளுக்கு என்ன வேண்டுமென்று கேப்டன் கேட்டபோது, ஒரே ஒரு தடவை கீழே போக வேண்டும் என்றாள். ஆண்கள் முணுமுணுத்தார்கள். ஹானிபல் கட்டுப்போட்ட காலோடு வந்து அவர்களை அதட்டினார். அண்ணனின் கால்சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிய தாமசின், மெழுகுவர்த்தி கரைந்து தீரும்வரை ஹானிபல் சிக்கிக் கிடந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மேலே வந்ததும் லவ்டே கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னடி கேட்டுச்சு?"

"தண்ணி சொட்டற சத்தம்" என்றாள் தாமசின். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா ஒரே சீரா சொட்டலக்கா" என்றாள்.