மூன்றாவது கியரைப் பிடித்திருந்த கை

எங்கள் பிக்கப் வண்டியில் மூன்றாவது கியர் நிற்காது. போட்ட கொஞ்ச நேரத்தில் டக்கென்று நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடும். எப்போதிலிருந்து அப்படி என்று யாருக்கும் நினைவில்லை. எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் அதற்கு ஒரே வைத்தியம்தான் இருந்தது. நைனா கியரைப் போடுவார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் அம்மா அது நழுவாமல் பிடித்துக்கொள்வாள்.

ஜீப் மூஞ்சி வைத்த பழைய டீசல் வண்டி அது. நான் பிறப்பதற்கு முன்பே ஏலத்தில் எடுத்தது. பிச்சாட்டூரை ஒட்டி எங்கள் நிலம். கத்திரியும் மிளகாயும், சீசன் வந்தால் மாங்காயும் ஏற்றிக்கொண்டு நாராயணவனம், புத்தூர், வடமாலபேட்டை வழியாகத் திருப்பதி மார்க்கெட்டுக்கு வாரத்தில் இரண்டு நடை. லோடு ஏற்றினால் பாதி வழி மூன்றாவது கியர்தான். ஆக, பாதி வழி அம்மாவின் வலது கை கியர் ராடின் மேலேயே இருக்கும். ராடின் தலையிலுள்ள குண்டு அதிர்ந்து சூடாகிவிடும் என்பதால் முந்தானை நுனியை அதன் மேல் போட்டுக்கொள்வாள். வண்டி ஆடும் ஆட்டத்தில் அவள் கண்ணாடி வளையல்கள் ஊரிலிருந்து திருப்பதி வரைக்கும் சிலுசிலுவென்று சத்தம் போட்டுக்கொண்டே வரும்.

எனக்குக் கல்யாணம் ஆகும்வரை எத்தனையோ நடை நான் பின்னால் மூட்டைகளோடு உட்கார்ந்து போயிருக்கிறேன். கேபினுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் கண்ணாடி கிடையாது, கம்பி வலை மட்டும். அதன் வழியே பார்த்தால் இரண்டு முதுகும் இரண்டு கையும் தெரியும். கியர் மாற்ற வேண்டிய நேரத்தில் நைனா தொண்டைக்குள் "ம்" என்பார். அம்மா கையைத் தளர்த்துவாள். அவர் மாற்றுவார். மறுபடி மூன்றாவதுக்கு வந்ததும் அவள் கை தானாகப் போய் உட்காரும். என்ஜின் போடும் கூச்சலில் வேறு பேச்சு எடுபடாது. வீட்டிலும் அவர்கள் அதிகம் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஊரில் சிலர் அம்மாவை டிரைவரம்மா என்று கிண்டல் செய்வார்கள். அவள் அதற்குக் கோபித்துக்கொண்டதே இல்லை. கொஞ்சம் பெருமைதான் என்று இப்போது தோன்றுகிறது.

சில வருஷம் முன்பு அம்மாவுக்குச் சிக்குன்குனியா வந்தது. காய்ச்சல் போய்விட்டது, மணிக்கட்டு வலி மட்டும் போகவில்லை. சாம்பார் பாத்திரத்தைத் தூக்கவே முகம் சுளிப்பாள். ஆனாலும் வண்டியில் ஏறி உட்கார்ந்து ராடைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒருநாள் புத்தூர் தாண்டியதும் பிடி விட்டுப்போய், கியர் நழுவி, பின்னால் வந்த பஸ் மோதாமல் நின்றது பெரிய விஷயம். அன்றிலிருந்து நைனா அவளைப் பிடிக்க விடவில்லை. எல்லாரும் செய்வதுபோல சைக்கிள் டியூபைக் கிழித்து ராடை முன்னால் இழுத்துக் கட்டிப் பார்த்தார். இரண்டே நடையில் கத்தியால் அறுத்துப் போட்டுவிட்டு, "இதுக்கு எப்போ உடணும்னே தெரியல" என்றார். அதன் பிறகு வண்டி கொட்டகையில் நின்றது. கத்திரிக்காய் வாடகை ஆட்டோவில் போனது. நைனா தினமும் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் உறுமவிட்டு, அணைத்துவிட்டு இறங்குவார்.

நான் சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறேன். மெஷின் நின்றால் ஓடவைப்பதுதான் பிழைப்பு. அந்த மேதாவித்தனம் வீட்டுக்கு வந்தாலும் என்னை விட்டு இறங்காது. கியர் பாக்ஸையே மாற்றிவிடலாம், அதுவும் ஐந்து கியர் பாக்ஸாகப் போட்டுவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவித்தேன். பழைய பாக்ஸில் நான்காவதுதான் கடைசி. அதில் என்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அத்தனை சுற்றுதான் பின்னால் போகும் ஷாஃப்ட்டும் சுற்றும். ஐந்தாவது ஓவர்டிரைவ். என்ஜின் நிதானமாகச் சுற்ற, ஷாஃப்ட் அதைவிட வேகமாகச் சுற்றும். பெரிய ரோட்டில் வண்டி கத்தாமல் போகும், டீசலும் மிஞ்சும். இதையெல்லாம் நான் விளக்கி முடித்தபோது நைனா, "அம்மா கைக்கு வேலை இருக்காதில்ல?" என்று மட்டும் கேட்டார். இருக்கவே இருக்காது என்றேன்.

பாக்ஸ் சித்தூரில் கிடைத்தது. பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடத்தில், இதே ஜாதியில் பிற்காலத்தில் வந்த ஒரு வண்டியின் வயிற்றிலிருந்து கழற்றியது. புத்தூரில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் தெலுங்குக்காரர், எதைக் கேட்டாலும் முதலில் "பர்வாலேது", பரவாயில்லை, என்பார். பழைய பாக்ஸை இறக்கிப் பிரித்தார். மூன்றாவது கியரின் பற்கள் முனை மழுங்கி, கூழாங்கல் மாதிரி உருண்டு கிடந்தன. இதை வைத்து எப்படி ஓட்டினீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் ராடின் குண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நைனா பக்கம் சொரசொரப்பாக இருந்தது. அம்மா பக்கம் மட்டும் தேய்ந்து வழவழவென்றிருந்தது. நான் அதைப் பார்த்துவிட்டுப் பழைய சாமான்களோடு ஒரு மூலையில் வைத்தேன். அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது.

பர்வாலேது என்று சொன்ன வேலை நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது. புதிய பாக்ஸின் போல்ட் துளைகள் எங்கள் என்ஜினோடு சேரவில்லை. நடுவில் வைக்க லேத்தில் ஒரு தட்டு கடைந்தோம். கிளட்ச் பிளேட்டின் நடுப்பல் சேரவில்லை, வேறு பிளேட் தேடினோம். பாக்ஸ் நீளம் என்பதால் ஷாஃப்ட் மிஞ்சியது. அதைத் திருப்பதிக்குக் கொண்டுபோய் வெட்டி, வெல்டு வைத்து, பேலன்ஸ் பார்த்து வாங்கி வந்தேன். ராடு பழைய துளையிலிருந்து நாலு விரல் பின்னால் தள்ளி வந்ததால் கேபின் தரையை வெட்ட வேண்டியிருந்தது. கடைசியில் ஐந்து கியரும் படம் போட்ட கறுப்புக் குண்டைத் திருகி, புத்தூரிலிருந்து திருப்பதி ரோட்டில் நானே ஓட்டிப் பார்த்தேன். நான்காவதில் கத்திக்கொண்டிருந்த வண்டி ஐந்தாவது போட்டதும் பெருமூச்சு விட்டு அடங்கியது. ஜன்னலுக்கு வெளியே காற்றுச் சத்தம் கேட்டது. அந்த வண்டியில் நான் அதுவரை காற்றைக் கேட்டதே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த ஞாயிறு நைனா ஓட்ட, அம்மா பக்கத்தில் உட்கார, நான் வழக்கம்போலப் பின்னால். ஊர் எல்லை தாண்டி மூன்றாவது போட்டதும் அம்மாவின் கை தானாகப் போய் ராடின் மேல் உட்கார்ந்தது. நான் வலை வழியாகச் சொன்னேன், பெரிய வரம் கொடுப்பவன்போல.

"அம்மா, இனிமே புடிக்க வாணாம். கைய எடுத்துடு."

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இடது கையால் வலது மணிக்கட்டை மூடிக்கொண்டாள். திருப்பதி போய்ச் சேரும்வரை வளையல் சத்தம் வரவில்லை. அடுத்த நடைக்குக் கூப்பிட்டபோது, துணி ஊறவைத்திருக்கிறேன் என்றாள். அதற்கடுத்த நடைக்கு முட்டி வலி. மூன்றாவது தடவை நானே போய்க் கேட்டேன்.

"அங்க எனுக்கு இன்னா வேலை? சும்மா ஒக்காந்துக்கினு வர்றதுக்கு ஊட்லயே ஒக்காந்துக்கினு இருப்பேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நைனா தனியாகப் போனார். ஆனால் ஐந்தாவது போடவே இல்லை. எத்தனை சொல்லியும் நான்காவதிலேயே என்ஜினைக் கதறவிட்டுக்கொண்டு போய்வந்தார். பிடிவாதம் என்று நினைத்து அவரோடு சண்டைகூடப் போட்டேன். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ராடைத் தன் பக்கம் இழுத்து முன்னால் தள்ளினால் ஐந்தாவது. பழைய பாக்ஸில் அதே இடம் ரிவர்ஸ். ஓடுகிற வண்டியில் அந்தப் பக்கம் போகவே கூடாது என்று அவர் கை ஆயுசு முழுக்கப் பழகியிருந்தது. கை பாதி வரை போகும், அங்கேயே நின்று திரும்பிவிடும். மனுஷருக்கு வியர்த்துவிட்டது. நானோ குண்டின் மேல் படம் போட்டிருக்கிறதே என்று அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.

கை இன்னொரு கூத்தும் செய்தது. ஒரு காலை கொட்டகையிலிருந்து வண்டியைப் பின்னால் எடுக்க, பழைய ஞாபகத்தில் ராடை இழுத்து முன்னால் தள்ளி கிளட்ச்சை விட்டார். விழுந்தது ஐந்தாவது. வண்டி ஒரு துள்ளு துள்ளி, எதிரே இருந்த மாட்டுத் தொட்டியில் முட்டி அணைந்தது. தொட்டி உடைந்து தண்ணீர் வாசல்வரை ஓடியது. நைனா இறங்கி, நசுங்கிய பம்பரைத் தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "வித்துடு" என்றார்.

விற்பதென்றால் அவர் இனி ஓட்டப் போவதில்லை என்று அர்த்தம். வேறு வண்டி அவர் கைக்கு வராது, அது எங்கள் மூவருக்கும் தெரியும். நல்லது செய்கிறேன் என்று ஆரம்பித்து, இரண்டு பேரையும் வண்டியிலிருந்து இறக்கிவிட்டவன் நான்தான். அன்று முழுக்க யார் முகத்தையும் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

பழைய வண்டி வாங்கி மெருகேற்றி வைத்துக்கொள்ளும் ஆசாமி ஒருவர் திருப்பதியில் இருந்தார். மார்க்கெட்டுக்கு வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார். அந்த ஞாயிறு கத்திரிக்காய்க் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது அம்மா தலையை வாரிப் பூ வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கடைசித் தடவை, நானும் வரேன் என்றாள். அவள் பக்கத்துக் கதவு சரியாகத் திறக்காது என்பதால் நைனா இறங்கிப்போய்த் திறந்துவிட்டார்.

நான் பின்னால் ஏறினேன். புத்தூர் தாண்டிப் பெரிய ரோடு வந்ததும் நைனா நான்காவதுக்கு மாற்றினார். என்ஜின் கத்தத் தொடங்கியது. அவர் கை ராடின் மேல் போயிற்று, வந்தது, மறுபடி போயிற்று. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதையோ சொல்ல வாயைத் திறந்த நான், போன தடவை வாயைத் திறந்ததை நினைத்து மூடிக்கொண்டேன்.

நைனா கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார். கிளட்ச்சை அழுத்தினார். ரோட்டைப் பார்த்தபடியே தொண்டைக்குள் "ம்" என்றார்.

அம்மா ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையை ராடில் வைத்து, அவர் பக்கம் சாய்த்து முன்னால் தள்ளினாள். டிரைவருக்கு இழுக்க வேண்டிய கியர், அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து தள்ள வேண்டியதாக இருந்தது. அவள் கைக்கு அங்கே ரிவர்ஸ் இருந்ததே இல்லை. வலியெடுக்கும் அளவுக்குக்கூட பலம் தேவைப்படவில்லை. நைனா கிளட்ச்சை விட்டார். வண்டி அடங்கி, வழுக்கிக்கொண்டு போயிற்று.

அந்த அமைதி இரண்டு பேருக்கும் பழக்கமில்லை. கொஞ்ச தூரம் போனதும் அம்மா நைனா பக்கம் திரும்பி, "மே, நீ மூச்சு உடறதுகூட கேக்குது" என்றாள். நைனா சிரித்தார். அவர் சிரிக்கும்போது முதுகு குலுங்கும், வலை வழியாக அதைத்தான் பார்த்தேன். அதன் பிறகு மாட்டுத் தொட்டியைப் பற்றி, பெரியம்மா வீட்டுக் கல்யாணத்தைப் பற்றி, எதையெதையோ பேசிக்கொண்டு போனார்கள். அம்மாவின் கை ராடிலிருந்து இறங்கவே இல்லை. ஐந்தாவது நழுவாது. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. கூடையிலிருந்து ஒரு கத்திரிக்காயை எடுத்துத் துடைத்துக்கொண்டே வந்தேன்.

மார்க்கெட்டில் அந்த ஆசாமி காத்திருந்தார். குனிந்து நிமிர்ந்து வண்டியைச் சுற்றி வந்தார். ஐந்து கியரா என்று ஆச்சரியப்பட்டார். ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறேன், சாவி கொடுங்கள் என்று கை நீட்டினார். நைனா சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இது ஒத்த ஆளு ஓட்ற வண்டி இல்லப்பா" என்றார்.

அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை, என் முகத்தைப் பார்த்தார். எனக்கே அது புரிவதற்கு இத்தனை வருஷமும் ஒரு கியர் பாக்ஸும் ஆகியிருந்தது.