கம்ப்யூட்டரைத் தோற்கடித்தவர்

இன்று தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில், ரிட்டயர்டு ஆபீசர் ஒருவர் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் அளந்துகொண்டிருந்தார்.

“எண்பதுகள்லயே கோ வெளையாட்டுல கம்ப்யூட்டரைத் தோக்கடிச்சவன் நான். இப்ப உள்ளவனுவ அதுகிட்டயே புத்தி கேட்டு நிக்கானுவ.”

பின் சீட்டிலிருந்த எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. அப்போது நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டருக்கு லைசென்ஸ் தர வந்தவர்.

கறுப்பு வெள்ளைக் காய் வைத்து இடம் பிடிக்கும் ஆட்டம் கோ. எங்கள் புரோகிராம் ஒரு காய்க்குப் பத்து விநாடிதான் யோசிக்கும். மெஷினில் டர்போ பொத்தானை அமுக்கினால் விளக்கு எரியும். அதே பத்து விநாடியில் இரண்டு மடங்கு கணக்குப் போட்டு நம்மைச் சுற்றி வளைத்துவிடும். அமுக்காவிட்டால் பச்சைப்பிள்ளை.

அன்று முதலாளி அண்ணாச்சி என் காதில் சொன்னார்: “ஏலே, சார் ஆட உக்காருதாரு. டர்போவ அமத்துலே.”

அமத்தினேன்; விளக்கு அணைந்தது. சார் ஜெயித்தார். லைசென்ஸும் வந்தது.

இதை பஸ்ஸில் போட்டு உடைக்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஒன்று உறுத்தியது.

நானும் ஒரே ஒரு தடவை அந்த மெஷினை ஜெயித்துவிட்டு, இன்றுவரை வீட்டில் பீற்றிக்கொண்டிருக்கிறேன். வேலையை விடப்போகிறேன் என்று அண்ணாச்சியிடம் சொன்னதற்கு மறுநாள் அது.

பழைய சென்டர் ஆட்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நான் ஜெயித்த அன்று டர்போ விளக்கு எரிந்ததா?