தானே தேய்த்த நம்பர்

ஐந்து மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறைக்குள் பூட்டு குனிந்து நின்றபோது பகல் பன்னிரண்டு மணி. பூட்டு என்பது அவருடைய பெயர் இல்லை. தான் செய்து மாட்டிய, லிஃப்ட்டை ஓட்டும் கன்ட்ரோல் பெட்டி ஒவ்வொன்றுக்கும் பூட்டுப் போட்டு, அந்தப் பூட்டுக்கும் ஒரு தகரத்தால் மறைப்புப் போட்டு வைக்கிற மனிதருக்கு வாட்ச்மேன்கள் எல்லோருமாகச் சேர்ந்து வைத்த பெயர். காதில் விழுந்தும் அவர் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளுக்குள் பெருமை என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்றைக்கு அந்தப் பெருமைதான் அவர் வழியை மறித்தது.

கீழே நாலாவது மாடியில் அவருடைய அக்கா இருக்கிறாள். சக்கர நாற்காலியில். வாரத்தில் மூன்று நாள் அவளுக்கு டயாலிசிஸ். போன தடவை ஆஸ்பத்திரியில் மெஷின் ரிப்பேர் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்றும் தவறினால் உயிருக்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டர் போனிலேயே சொல்லிவிட்டார். நாலு மணிக்கு வண்டி வரும். படி வழியாக இறக்கலாமே என்றால், இரண்டு மாதம் முன்பு கரண்ட் போனபோது அப்படித்தான் நாற்காலியோடு தூக்கினார்கள். தூக்கியவர்களில் ஒருவன் கால் இடறி, அவள் இடுப்பெலும்பில் விரிசல் விட்டது. அது இன்னும் ஆறவில்லை. ஸ்ட்ரெச்சர் அந்தப் படிக்கட்டில் திரும்பாது. லிஃப்ட் ஓடினால்தான் அக்கா போக முடியும்.

காலையில் கரண்ட் போய்த் திரும்பி வந்த வேகத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கப் பூட்டுக்குக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. பெட்டியின் மூளையாக இருக்கிற பிராசசர், நாற்பது கால் வைத்த பழைய கறுப்பு சிப், விரலை வைக்க முடியாதபடி கொதித்தது. செத்துவிட்டது. அதே ரகத்தில் வேறொன்று மாட்டினால் வேலை முடிந்தது. எந்த ரகம் என்று சிப்பின் முதுகிலேயே அச்சடித்திருப்பார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் படித்துச் சொல்லிவிடும்.

முதுகில் ஒன்றுமே இல்லை. வழவழவென்று மொட்டையாக இருந்தது. நம்பரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்திருந்தது யார்? வேறு யார், ஐயாவேதான்.

அந்தக் கதையைச் சொன்னால்தான் ஆளைப் புரியும். அக்கா புருஷனும் அவரும் கூட்டாகப் பட்டறை வைத்து, லிஃப்ட்டை ஓட்டும் பெட்டிகள் செய்து மாட்டியவர்கள். மச்சான் வரைவார், இவர் பற்றவைப்பார். நாற்பது கட்டடம்வரை போனார்கள். ஒருநாள் ஊரின் இன்னொரு கடையில் தங்கள் பெட்டியை அப்படியே உரித்துவைத்த மாதிரி ஒரு பெட்டியைப் பார்த்தார் பூட்டு. வரைபடத்தை மச்சான்தான் வெளியே கொடுத்தார் என்று முடிவுகட்டினார். விசாரிக்கவில்லை. விசாரித்தால் பதில் வந்துவிடுமே. மச்சான் ஒரு வார்த்தை பேசாமல் பட்டறையை விட்டுப் போய் அச்சகத்தில் மெஷின் ஃபோர்மேன் ஆனார். பூட்டு வீம்புக்கு ஒவ்வொரு கட்டடமாக ஏறி, சிப்புகளின் நம்பரையெல்லாம் தேய்த்து, முதல் கால் பக்கம் அடையாளமாகச் சிவப்பு பெயின்ட்டில் ஒரு பொட்டு வைத்தார். இனி அவரைத் தவிர எவனும் கை வைக்க முடியாது. ஒன்பது வருஷமாக மச்சானோடு பேச்சும் இல்லை.

தேய்த்தவருக்கு நம்பர் நினைவிருக்கும் என்றுதானே நினைப்போம்? அவரும் அப்படித்தான் நினைத்தார். நாற்பது பெட்டியில் இரண்டு மூன்று ரகம் போட்டிருந்தார்கள். இதில் எதைப் போட்டோம்?

இது போதாதென்று, அவர் கொண்டுவந்திருந்த பிஸ்கட் டின்னில் ஏழு ஸ்பேர் சிப்புகள் கிடந்தன. ஏழும் நாற்பது கால். ஏழும் மொட்டை. மனுஷன் கையிருப்பையும் விடாமல் தேய்த்து வைத்திருந்தார்.

"ஏண்டா, மூளை இருந்ததா உனக்கு?" என்று தன்னையே திட்டிக்கொண்டு மீட்டரை எடுத்தார்.

முகம் மறைந்தாலும் கால்கள் பொய் சொல்லாது. பலகையில் கரண்ட் எந்தக் காலுக்குப் போகிறது என்று தடம் பிடித்துப் பார்த்தார்: நாற்பதாவது காலுக்கு. அந்தக் கரண்ட் திரும்பிப் போகிற கிரவுண்டு இருபதாவது காலில். துடிப்புக் கொடுக்கிற கிரிஸ்டல் ஒன்றிலும் இரண்டிலும். அப்படியானால் 8085 என்ற ரகமாகத்தான் இருக்க வேண்டும். நெஞ்சு கொஞ்சம் லேசானது. பிறகு ஸ்பேர்களை ஒவ்வொன்றாக மடியில் வைத்து, மீட்டர் முனையால் கால் காலாகத் தொட்டு, கிரவுண்டு எங்கே என்று தேடினார். வியர்வை கண்ணாடியில் சொட்டி, எண்ணிக்கை தவறி, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார். நாலில் கிரவுண்டு இருபத்தொன்பதாவது கால். தள்ளி வைத்தார். ஒன்றில் முதல் கால். அதையும் தள்ளினார். மீதி இரண்டிலும் இருபதாவது கால்.

ஒன்று 8085. இன்னொன்று அதன் பங்காளி, வேறு வேலைக்கானது. எது எது?

மணி இரண்டே கால். பட்டறையில் இருந்திருந்தால் தனியாகக் கரண்ட் கொடுத்துச் சோதித்திருக்கலாம். பட்டறை ஊரின் மறுகோடியில், போய் வர இரண்டு மணி நேரம். ஒன்றை மாட்டித்தான் பார்ப்போமே என்று கை போனது. தப்பானதை மாட்டினால் பக்கத்திலிருக்கும் புரோகிராம் சிப்பும் சேர்ந்து போகும். அதற்கு நகல் கிடையாது. நகல் இருந்தால் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று அதையும் அழித்தவர் அவர். கையை இழுத்துக்கொண்டார்.

செத்த சிப்பை மறுபடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். தேய்த்தது அவருடைய தேய்ப்பு மாதிரியே இருந்தது. சிவப்புப் பொட்டும் இருந்தது. ஆனால் பொட்டு கடைசிப் பக்கத்தில் இருந்தது, முதல் கால் பக்கத்தில் இல்லை. ஒரு நாளும் அவர் அப்படி வைத்ததில்லை.

இது அவர் தேய்த்த சிப்பே இல்லை. யாரோ மாற்றியிருக்கிறார்கள். மாற்றிவிட்டு, அவர் மாதிரியே தேய்த்தும் வைத்திருக்கிறார்கள். இந்தப் பெட்டிக்குள் கை வைக்கத் தெரிந்த ஆள், அவரைத் தவிர, உலகத்தில் ஒருவர்தான், அதை வரைந்த மச்சான்.

பூட்டு படியிறங்கினார். அக்கா புறப்படத் தயாராக, மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"ஆயிடுச்சாடா?"

"ஆயிடும்க்கா. மச்சானுக்குச் சொன்னியா?"

"சொல்லல. மெஷின்ல கை வெச்சிருப்பாரு, பதறிடுவாரு. நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுறேன்னிருக்காரு."

"உன் போனைக் குடு."

அக்கா அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். போனை நீட்டினாள்.

"சொல்லும்மா, கிளம்பிட்டியா?" அச்சு இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவே மச்சானின் குரல்.

"நான்தான்."

மச்சான் மெஷினை விட்டு நகர, இரைச்சல் குறைந்தது. பிறகு, "அவளுக்கு என்ன ஆச்சு?"

"அவ நல்லாத்தான் இருக்கா. லிஃப்ட் நின்னுடுச்சு. சிப் போயிடுச்சு." பூட்டு குரலைத் தாழ்த்தினார். "அது என்ன சிப்னு எனக்கே உறுதியாத் தெரியல மச்சான்."

"8085. அலமாரி மேல்தட்டுல என் பழைய சவரப் பெட்டி இருக்கும் பாரு. அதுக்குள்ள புதுசு ஒண்ணு இருக்கு. ரெண்டு வாங்கினேன். ஒண்ணு ஏற்கெனவே போட்டாச்சு."

"எப்போ போட்ட?"

"உன் பொண்ணு கல்யாணத்தன்னைக்கு. சாப்பிடாம எழுந்து போயிட்டான்னு ஊரெல்லாம் சொன்னியே, அன்னைக்குத்தான். இங்க லிஃப்ட் நின்னுடுச்சுன்னு வாட்ச்மேன் உனக்குப் போன் மேல போன் போட்டு, நீ எடுக்காம என்னைக் கூப்பிட்டான். பொண்ணு பக்கத்துல நிக்கிற மனுஷனை எப்படிப்பா கூப்பிடுறது? நானே வந்துட்டேன்."

"பெட்டி பூட்டியிருந்திருக்குமே?"

"உன் பூட்டு ஹேர்பின்னுக்கே திறக்குது மாப்ள."

பூட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. "நம்பரை ஏன் தேய்ச்ச?"

"அடுத்த தடவை நீ திறந்து பார்த்தா, வேற எவனோ கை வெச்சுட்டான்னு உனக்கு ஒரு மாதிரி இருக்குமேன்னு." மச்சானே தொடர்ந்தார். "உப்புத்தாளும் அந்தப் பெட்டியிலதான் இருக்கு. வேணும்னா தேய்ச்சுட்டுப் போடு. சீக்கிரம் போ, மணி மூணாகப்போகுது."

சவரப் பெட்டியில் பஞ்சுக்குள் சிப் இருந்தது. முதுகில் நம்பர் பளிச்சென்று தெரிந்தது. அதன்கீழ் நாலாக மடித்த உப்புத்தாள் துண்டு. பூட்டு அதைத் தொடாமல் சிப்பை மட்டும் எடுத்தார். இத்தனை வருஷம் சந்திக்கிறவர்களிடமெல்லாம் அந்தக் கல்யாணச் சாப்பாட்டைச் சொல்லிச் சொல்லிப் புலம்பியிருக்கிறார்.

மேலே போய்ச் சிப்பை அழுத்தினார். ஒரு கால் மடங்கிவிட்டது. இடுக்கியால் நிமிர்த்தும்போது மூச்சையே விடவில்லை. நிமிர்ந்தது, உடையவில்லை. சுவிட்சைப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். ஐந்தில் ரிலே டக்கென்றது, மோட்டார் முனகியது, கயிறு நகர்ந்தது. பெட்டியின் கதவை மூடினார், பூட்டவில்லை. கதவின் உள்பக்கம் மார்க்கரால் கொட்டை எழுத்தில் நம்பரை எழுதியிருந்தார்.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அக்காவின் நாற்காலியை லிஃப்ட்டுக்குள் தள்ளினார். தானும் ஏறிக்கொண்டார்.

"நீ எங்கடா வர்ற? ஆஸ்பத்திரியில அவரு இருப்பாரே."

"தெரியும்க்கா."

லிஃப்ட் மூன்றாவது மாடியைத் தாண்டியது. பூட்டு கதவைப் பார்த்தபடியே கேட்டார்.

"மச்சான் மதியம் சாப்பிட்டிருப்பாராக்கா?"