துவக்கோடு எடுத்த படம்

துவக்குச் சூட்டுக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தவன், வந்த இடத்தில் துவக்குப் பிடிக்கப் படிக்கப் போனான் என்றால் யாரும் சிரிப்பார்கள். டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் என்னோடு ஒரே வீட்டில் இருந்த தம்பியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவனும் யாழ்ப்பாணம், என்னைவிட ஐந்தாறு வயது இளையவன். "அண்ணை, உங்களுக்கு விசரே?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் மனைவியும் மூன்று வயது மகளும் இருந்தார்கள். மகளை ஆறு மாதக் குழந்தையாக விட்டுவிட்டு வந்தவன் நான். அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் ஒரு பதிலும் இல்லை.

எண்பதுகளின் கடைசி அது. டென்மார்க்கில் எங்கள் ஆட்கள் எல்லோருடைய நிலையும் அதுதான். கேட்டால், பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள். எங்கள் கோப்புகளை மேலிடம் வேண்டுமென்றே அசையவிடாமல் வைத்திருந்தது பிறகுதான் தெரிய வந்தது. அந்த விவகாரத்தில் ஓர் அரசாங்கமே விழுந்தது. ஆனால் அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. என் விண்ணப்பத்தில் ஏதோ குறை இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டால் அவர்கள் வந்துவிடுவார்கள் என்று நான் இரவும் பகலும் நம்பினேன்.

தொழிற்சாலையில் எனக்கு அடுத்த மெசினில் நின்ற டெனிஷ்காரனுக்கு என் வயதுதான் இருக்கும். இலையுதிர்காலம் வந்தால் அவன் வேட்டையைத் தவிர வேறு எதுவும் கதைக்கமாட்டான். என் கதையைக் கேட்டுவிட்டு ஒருநாள் அவன் சொன்னான்: "வேட்டை அனுமதி எடு. அதைக் கொடுக்க முன் பொலிஸ் உன்னைப் பற்றி விசாரிக்கும். இந்த ஆள் வீட்டில் துவக்கு வைத்திருக்கலாம் என்று பொலிஸே சொன்னபிறகு, பெண்சாதியை வைத்திருக்கக் கூடாது என்று யார் சொல்லமுடியும்?"

இதில் என்ன பிழை என்று எனக்குப் பிடிபடவில்லை. முத்திரை குத்திய ஒரு தாள் கிடைத்தால் அதையும் கோப்பில் சேர்க்கலாம் என்பது மட்டும் மண்டையில் ஏறியது. பள்ளிக்கூடச் சான்றிதழிலிருந்து தடுப்பூசி அட்டை வரைக்கும் ஏற்கெனவே அனுப்பியிருந்தேன். அவர்கள் கேட்காததையெல்லாம் அனுப்புவதில் எங்கள் ஆட்களை மிஞ்ச ஆள் இல்லை.

வகுப்பு ஒரு பள்ளிக்கூடத்தில் மாலை வேளைகளில் நடந்தது. பதினைந்து பேர் இருந்தோம். என்னைத் தவிர எல்லோரும் பண்ணைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். மான், முயல், காட்டுப்புறா எல்லாவற்றின் படத்தையும் காட்டி எதை எப்போது சுடலாம், எதைச் சுடவே கூடாது என்று பாடம் எடுத்தார்கள். அதெல்லாம் மனப்பாடம் செய்கிற வேலை, எனக்குக் கைவந்தது. மூன்றாவது வாரம் வாத்தியார் ஒரு இரட்டைக் குழல் துவக்கோடு வந்தார். அதை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். திரும்பியதுதான் தாமதம், என் இரண்டு கைகளும் தலைக்கு மேலே போய்விட்டன. நான் தூக்கவில்லை, அவை தாமாகப் போயின. வகுப்பு கொல்லென்று சிரித்தது. பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். வாத்தியார் துவக்கை நடுவில் மடக்கி, முறித்துத் திறந்து, வெறுமையான இரண்டு குழல்களையும் எனக்குக் காட்டினார். கையை இறக்க எனக்குக் கொஞ்சநேரம் எடுத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் வெட்கத்தைவிடப் பயம்தான் பெரிது.

ஒரு சனிக்கிழமை எங்களைச் சுடும் திடலுக்குக் கூட்டிப்போனார்கள். களிமண் தட்டுகளை மேலே எறிவார்கள், நாங்கள் சுடவேண்டும். நான் பதினாறில் மூன்றை உடைத்தேன். அந்த அடுத்த மெசின்காரன் எனக்குத் துணையாக வந்திருந்தான். கையில் கமரா. என்னைத் தன் பச்சைத் தொப்பியையும் போட்டுக்கொண்டு, துவக்கை இரண்டு கையாலும் மார்புக்குக் குறுக்கே பிடிக்கச் சொன்னான். சிரிக்கவும் சொன்னான். சிரித்தேன்.

இனி நான் செய்தது எங்கள் ஆட்களால் மட்டுமே செய்யக்கூடிய காரியம்.

அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்கு வந்த ஒவ்வொருவனும் வீட்டுக்குப் படம் அனுப்புவான், அதில் அவனுடையது என்று ஒன்றும் இருக்காது. யாருடையதோ காரில் சாய்ந்து நிற்பான். யார் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியையோ திறந்து பிடித்திருப்பான். எங்கள் வீட்டில் ஒரு தோல் ஜக்கெட் இருந்தது. அது ஏழு பேருடைய உடம்பில் ஏறி, யாழ்ப்பாணத்தில் ஏழு வீடுகளுக்குப் படமாகப் போனது. அந்த ஏழு வீட்டிலும் பிள்ளை நல்லாயிருக்கிறான் என்று நிம்மதிப்பட்டிருப்பார்கள். இரவல் பொருளோடு நின்று படம் எடுத்து அனுப்புவது கை பழகிய வேலை. அந்தப் பழக்கத்தில், தொப்பியும் துவக்குமாக நான் சிரிக்கும் படத்தையும் கடிதத்துக்குள் மடித்துவைத்து, பின்பக்கம் மகளின் பெயரை எழுதி, தபாலில் போட்டுவிட்டேன். நான் நன்றாகத் தெரிகிறேன் என்று பெருமை வேறு.

அடுத்த வகுப்பில் துவக்கைக் கைமாற்றும் பயிற்சி. முதல் நாளிலிருந்தே கேட்ட விதிதான். இன்னொருவர் கையில் கொடுக்க முன் நீயே திறந்து பார், உள்ளே ஒன்றுமில்லை என்று அவருக்கும் காட்டு. எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் நீட்டப் போனேன். வாத்தியார் என் தோளைத் தொட்டு, "திறந்து பார்த்தாயா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியோடு கடித உறை கண்முன்னே வந்தது. எங்கள் ஊரின் தபால் கந்தோருக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஆமியின் காவல் சாவடி, சென்றி, இருந்தது. கடிதம் எடுக்கப் போகிற பெண்கள் திரும்பி வரும்போது கைப்பையைத் திறந்து கொட்டிக் காட்டவேண்டும். கடிதங்களையும் பிரித்துப் பார்ப்பார்கள். என் மனைவி அதைப் பலமுறை எழுதியிருந்தாள். புருஷன் எங்கே என்று அவளிடம் கேட்டால் டென்மார்க்கில் பக்டரியில் வேலை என்பாள். பையிலோ அவன் துவக்கோடு சிரித்துக்கொண்டிருப்பான். பச்சைத் தொப்பி வேறு. வயலும் பற்றையும் பின்னால். அது டென்மார்க் என்று அந்தப் படத்தில் எங்கே எழுதியிருக்கிறது?

துவக்கை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேனா கீழே வைத்தேனா என்று நினைவில்லை. வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னேன். இம்முறை அவன் சிரிக்கவில்லை.

"அனுப்பிப் போட்டியளே?"

"ஓம்."

"எப்ப?"

"போன செவ்வாய்க்கிழமை."

அவன் கதிரையில் இருந்துவிட்டான். "அண்ணை, அங்கை ஆக்களைப் பிடிக்க இவ்வளவும் வேணுமே? சும்மா இருக்கிறவங்களையே பிடிச்சுக்கொண்டு போறாங்கள்" என்றான். பிறகு சொன்னது தப்பென்று உணர்ந்து, "ஒண்டும் நடக்காது" என்று சேர்த்துக்கொண்டான். முதலில் சொன்னதுதான் உண்மை என்று எனக்குத் தெரியும்.

தந்தி அடிப்பதென்று முடிவு செய்தோம். என்ன எழுதுவது? படத்தை எரி என்று எழுதினால் அந்தத் தந்தியே காட்டிக்கொடுக்கும். கடிதம் எடுக்காதே என்றாலும் அப்படித்தான். தபால் கந்தோரில் தம்பியும் நானும் மூன்று படிவங்களை எழுதிக் கிழித்தோம். கடைசியில் தம்பிதான் சாதகம் பார்க்கும் சாத்திரியார் ஒருவரை வசனத்துக்குள் கொண்டுவந்தான். 'சனி சரியில்லை. என் புதுப்படத்தை வீட்டில் வைக்கக் கூடாது என்று சாத்திரியார் சொல்கிறார்.' டென்மார்க்கில் ஏது சாத்திரியார் என்று அவள் யோசிப்பாள், யோசித்தால் பிடிபடும் என்றான். தந்தி போய்ச் சேருமா என்பதே நிச்சயமில்லாத காலம். கடிதத்துக்கு முன் போகுமா என்று யாரைக் கேட்பது?

அதன் பிறகு வந்த வாரங்களை நான் எப்படிக் கழித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கு யன்னலில் நிற்பேன். கடிதம் வரவேண்டும் என்றும் இருந்தது, வரக்கூடாது என்றும் இருந்தது. அவள் எழுத்தில்லாமல் வேறு யாருடைய எழுத்திலாவது வந்தால் திறக்கமாட்டேன் என்று முடிவு செய்திருந்தேன். என் குடும்பத்தை நானே என் கையால் கொன்றுவிட்டேனோ என்ற எண்ணம், மெசின் முன்னால் நிற்கும்போதும் விலகவில்லை.

இந்த லட்சணத்தில் வேட்டை அனுமதிக்கான சோதனை வந்தது. போகாமல் விட்டிருக்கலாம். ஆனால் அந்தத் தாள் கிடைக்காவிட்டால் இவ்வளவும் எதற்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். தூரம் கணிப்பது ஒரு பகுதி. வயலில் மான், முயல் வடிவத்தில் வெட்டிய பலகைகளை நட்டிருந்தார்கள். இங்கிருந்து சுடலாமா, கூடாதா என்று சொல்லவேண்டும். பண்ணை வீட்டுப் பிள்ளைகளே தடுமாறினார்கள். நான் ஒன்றுகூடப் பிழைவிடவில்லை. இதற்கு முன் வேட்டையாடியிருக்கிறாயா என்று சோதனையாளர் கேட்டார். இல்லை என்றேன். ஊரில் எங்கள் ஒழுங்கைத் தெருவின் முடக்கிலிருந்து சென்றி எத்தனை அடி, அவர்கள் கண்ணில் படாமல் எதுவரை போகலாம் என்று தினமும் கணக்குப் பார்த்தவனுக்கு இது பெரிய வித்தையா? அதை டெனிஷில் சொல்ல எனக்கு வரவில்லை. சொல்ல விரும்பவும் இல்லை. துவக்கை முறித்துத் திறந்து, இரண்டு குழலும் வெறுமை என்று காட்டி அவரிடம் நீட்டினேன். தலையசைத்தார்.

பொலிஸுக்கும் போனேன். அந்த அதிகாரி மரியாதையான மனிதர், கோப்பி தந்தார். முன்பு ஆயுதம் வைத்திருந்தாயா, ஏதாவது படையில் இருந்தாயா என்று கேட்டார். இல்லை என்றது உண்மை. ஆனாலும் முழங்கால் மேசையில் இடித்துக் கோப்பி தளும்பியது. அவர் ஒரு துணியை எடுத்துத் தந்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். இரண்டு வாரத்தில் வேட்டை அனுமதி தபாலில் வந்தது. பிரதி எடுத்துக் கோப்பன்ஹேகனுக்கு அனுப்பினேன். பதில் இல்லை.

அதே வாரத்தில் அவளுடைய கடிதமும் வந்தது. அவள் எழுத்துத்தான். உறையைப் பிரிக்க முன்னரே எனக்கு அழுகை வந்துவிட்டது. நலம் விசாரிப்பு, மகளுக்கு இருமல், கிணறு இறைத்தது எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி: 'படம் வைத்ததாக எழுதியிருந்தீர்கள். உறைக்குள் படம் ஒன்றும் இருக்கவில்லை. வைக்க மறந்துவிட்டீர்களோ?'

நான் மறக்கவில்லை. என் கையால் மடித்து வைத்தது. அப்படியென்றால் யாரோ எடுத்துவிட்டார்கள். இன்று அவளை விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். பின்பக்கத்தில் மகளின் பெயர் இருக்கிறது. நாளைக்கு விசா கிடைத்தால், விமானம் ஏறக் கொழும்புக்கு வரும் வழியில் எத்தனை இடத்தில் அவளை மறிப்பார்கள்? அவற்றில் எந்த மேசையின் லாச்சிக்குள் அந்தப் படம் கிடக்கிறது? வேட்டைக் காலம் வந்ததும் மெசின்காரன் கூப்பிட்டான். கை நோகிறது என்று பொய் சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். அந்தப் பயம் என்னை விட்டுப் போகவேயில்லை. ஒரு வருடத்துக்கு மேல் கழிந்து, அடைத்துவைத்த கோப்புகள் அசைந்து, அவர்களுக்கு விசா கிடைத்தபோதும் எனக்குச் சந்தோஷத்தைவிட அதுதான் முன்னுக்கு நின்றது. அவர்கள் கொழும்பில் விமானம் ஏறும் நாளில் நான் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

கோப்பன்ஹேகன் விமான நிலையத்தில், இரண்டு கைகளையும் ஓவர்கோட் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றேன். கதவு திறந்தது. மனைவி மெலிந்து போயிருந்தாள். அவள் சேலைக்குப் பின்னால் மகள். அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கோட்டின் கைகளையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

மனைவியிடம் நான் முதலில் கேட்டது சுகமா என்றல்ல. "வழியிலை படத்தைப் பற்றி ஆரும் கேட்டவங்களே?"

அவள் கடவுச்சீட்டுக்குள்ளிருந்து ஒரு சின்னத் துண்டை எடுத்து நீட்டினாள். என் முகம். பச்சைத் தொப்பியையும் காணோம், கழுத்துக்குக் கீழேயும் ஒன்றுமில்லை. நாலு பக்கமும் கத்தரித்திருந்தது.

"தபால் கந்தோரிலையே பிரிச்சுப் பாத்திட்டன். எப்பவும் அப்பிடித்தானே, வீட்டை வருமட்டும் பொறுக்கேலாது. கவுண்டரிலை கத்தரிக்கோல் கட்டிக் கிடந்தது. முகத்தை எறிய மனம் வரேல்லை, அதை மட்டும் வெட்டி எடுத்துப்போட்டன்."

"படம் வரேல்லை எண்டு ஏன் எழுதினனீர்?"

"வந்தது எண்டு எப்பிடி எழுதிறது? கடிதம் பிரிப்பாங்கள். சாத்திரியார் எண்டு நீங்கள் அடிச்ச தந்தியும் அதைத்தானே சொன்னது."

"மிச்சத்தை என்ன செய்தனீர்?"

"திண்டன்" என்றாள். "எறிய இடமில்லை. சென்றியைத் தாண்ட முன்னம் மெண்டு விழுங்கிப்போட்டன்."

அப்போதுதான் மகள் தாயின் சேலையை இழுத்து, ரகசியம் போலக் கேட்டாள்: "அம்மா, அப்பாவுக்குக் கை இருக்கோ?"

அந்தத் துண்டில், ஒரு வருடத்துக்கு மேலாக அவள் தலையணைக்குக் கீழே வைத்திருந்த அப்பாவுக்குக் கை இருக்கவில்லை. நான் இரண்டு கைகளையும் பைக்குள்ளிருந்து வெளியே எடுத்து, விரித்து, வெறுமையாக அவளுக்கு நீட்டிக் காட்டினேன். அவள் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மற்றதையும் தொட்டுப் பார்த்தாள்.